அரசுத் தரப்பு ஆறாவது சாட்சி

தடயவியல் உளவியல் படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது எங்கள் தெருவில் பாதிப் பேர் அதைப் போலீஸ் வேலை என்று நினைத்தார்கள், மீதிப் பேர் பேய் ஓட்டுகிற படிப்பு என்று நினைத்தார்கள். அப்பாவுக்கு இரண்டும் பிடிக்கவில்லை. பி.எட். முடித்தால் பக்கத்திலேயே டீச்சர் வேலை கிடைக்கும், எதற்காகக் கொலைகாரன் மனசையெல்லாம் போய்க் கிண்டணும் என்றார். எனக்குக் கோபம் மூக்கு நுனியிலேயே நிற்கும். கொலைகாரனுக்கு மனசு இருக்கிறதா என்று பார்க்கத்தான் போகிறேன் என்று கத்திவிட்டு, வருமானச் சான்று வாங்கக் குன்னம் தாலுகா ஆபீசுக்குக் கிளம்பினேன். அது இல்லாமல் பல்கலைக்கழக விண்ணப்பத்தை முடிக்க முடியாது.

அன்றைக்குத்தான் அந்தக் கொலையைப் பார்த்தேன்.

ஆபீசில் கையெழுத்துப் போடுகிறவர் மீட்டிங் போயிருக்கிறார், சாப்பாட்டுக்கு அப்புறம் வா என்று அனுப்பிவிட்டார்கள். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. நான் கடை வாசல் படியை ஒட்டி நின்றுகொண்டிருந்தேன். வெளியே போட்டிருந்த பெஞ்சில் நாலைந்து ஆம்பளைகள். மக்காச்சோளத்துக்கு மழை இல்லை என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர் ஒன்றும் பேசவில்லை, டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். முப்பத்தஞ்சு வயது இருக்கும். ஒரு பைக் வந்து நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்தவன் இறங்கி, உரச்சாக்கில் சுற்றி வைத்திருந்த அரிவாளை உருவி, அவர் பின்பக்கமாக வந்து தோளும் கழுத்தும் சேருகிற இடத்தில் வெட்டினான்.

முதல் வெட்டுக்குச் சத்தமே வரவில்லை. அவர் எழுந்துவிட்டார். கையில் டீ கிளாஸ் இன்னும் இருந்தது. இரண்டாவது வெட்டுக்கு அவர் இடது கையைத் தூக்கினார், விரல்கள் தெறித்துப் பெஞ்சுக்குக் கீழே விழுந்தன. பிறகு அவர் கடைப் பக்கம் ஓடி வந்தார். படியில் விழுந்தார். வெட்டினவன் கூடவே வந்து ஒரு காலை அவர் முதுகில் வைத்துக்கொண்டு கழுத்திலும் தலையிலும் வெட்டினான். விறகு வெட்டுகிறவன் மூச்சு விடுவது போல ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு மூச்சு விட்டான். எத்தனை வெட்டு என்று நான் எண்ணவில்லை. கடைசியில் அரிவாளை அவர் வேட்டியிலேயே துடைத்துக்கொண்டு நிமிர்ந்து, ஒரு தடவை சுற்றிலும் பார்த்துவிட்டு, பைக்கில் ஏறிப் போய்விட்டான். போலீசில் நான் சொன்னது இவ்வளவுதான்.

அந்த நேரத்துக்குள் தெருவில் எல்லா ஷட்டரும் இறங்கிவிட்டது. பெஞ்சில் இருந்த ஒருத்தரையும் காணோம். என் சுடிதார் முழங்கால் வரை ரத்தத்தில் நனைந்திருந்தது. அவர் வாயைத் திறந்து திறந்து மூடினார், நான் தண்ணீர் தண்ணீர் என்று கத்தினேன். தண்ணீர் வருவதற்குள் அவர் இல்லை.

போலீஸ் வந்து கேட்டபோது டீக்கடைக்காரர் உள்ளே பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன் என்றார். ஒருத்தர் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தேன் என்றார். அத்தனை பேரும் உள்ளூர்க்காரர்கள், வெட்டினவனை அத்தனை பேருக்கும் தெரியும். நான் தாலுகாவின் அந்தக் கடைசியில் இருக்கிற ஊர், எனக்கு யாரையும் தெரியாது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நான் பார்த்தேன், எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். செய்தி கேட்டு அப்பா ஓடி வந்து கையைப் பிடித்து இழுத்தும் நிறுத்தவில்லை. பிற்பாடு போலீஸ் அவர்களையும் பிடித்து வாக்குமூலம் வாங்கியது, அது வேறு விஷயம்.

மறுநாள் காலையில் எஸ்.ஐ. வீட்டுக்கே வந்துவிட்டார். உட்காருவதற்கு முன்பே போனை நீட்டினார்.

"ஏம்மா, இவன்தானே?"

கல்லங்குறிச்சித் திருவிழாவில் எடுத்த படம். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய நாமம், பின்னால் கூட்டம். இவன்தான் என்றேன். அவர் திருப்தியாகக் காப்பி குடித்துவிட்டுப் போனார். மூன்று வாரம் கழித்து திருச்சி சிறையில், மாஜிஸ்திரேட் முன்னால், பத்துப் பேரை வரிசையாக நிற்க வைத்தார்கள். நாலாவதாக நின்றவனை நான் ஒரு நொடியில் காட்டினேன். இவ்வளவு தெளிவான பெண்ணைப் பார்த்ததில்லை என்று எஸ்.ஐ. சொன்னதாக அப்பா சொன்னார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

செத்துப்போனவருடைய மனைவி ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர், அக்கா என்று கூப்பிட்டேன். கிணற்றுக்குப் போகிற பாதை விஷயத்தில் பங்காளிகளோடு தகராறு, வெட்டினவன் அந்தப் பங்காளியின் மச்சான். இரண்டு வருஷமாக வெட்டுவேன் வெட்டுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவன்தான், சொல்கிறவன் செய்ய மாட்டான் என்று இவர்கள் இருந்துவிட்டார்கள். அம்மா தட்டில் வைத்த சோற்றை அவர் தொடவில்லை.

"நீ ஒருத்திதான் எனக்கு" என்றார். "மத்தவங்கள்லாம் அவன் தெருவுலயே பொழைக்கிறவங்க, மாறிடுவாங்க. அவன் வெளிய வந்தான்னா அடுத்தது என் கொழுந்தன்தான். நீ சொன்னாத்தான் அவன் உள்ள இருப்பான்."

சத்தியம் செய்து கொடுத்தேன். அடித்துச் செய்தேன்.

பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துச் சேர்ந்தேன். எங்கள் வகுப்பில் இருபத்திரண்டு பேர். பாதிப் பேர் கொலைத் தொடர்களைப் பார்த்துப் பார்த்து ஆசை வந்து சேர்ந்தவர்கள். வெட்டுக்காயப் படங்களைத் திரையில் போட்டால் ஒருத்தி வெளியே போய் வாந்தி எடுப்பாள், மற்றவர்கள் குறிப்பு எழுதுவார்கள். நான் குறிப்பும் எழுதாமல் வாந்தியும் எடுக்காமல் உட்கார்ந்திருப்பேன். படத்தில் வாசனை கிடையாது. குன்னத்தில் அன்றைக்கு ரத்தத்தோடு பாலும் ஏலக்காயும் சேர்ந்து ஒரு வாசனை வந்தது. விடுதியில் யாராவது ஏலக்காய் டீ போட்டால் நான் எழுந்து போய்விடுவேன், திமிர் பிடித்தவள் என்று பேர் வாங்கினேன்.

முதல் வருஷக் கடைசியில் ஒரு வகுப்பு. பாடம் நடந்துகொண்டிருக்கும்போது ஒருவன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். மேடம் மேசையில் இருந்த பையைப் பிடுங்கினான், அவர் பிடித்து இழுத்தார், அவரைச் சுவரோடு தள்ளிவிட்டு ஓடினான். நான் பெஞ்சைத் தாண்டிப் பாய்ந்தேன். வராந்தாவில் அவன் சட்டையைப் பிடித்துக் கன்னத்தில் ஒன்று விட்டேன், உதடு கிழிந்துவிட்டது. மேடம் ஓடி வந்து நிறுத்தினார். அது பாடம். அவன் நாடகத் துறை மாணவன். மன்னிப்புக் கேட்டுத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன், பாவம், அவன் அப்புறம் அந்தக் கட்டடத்துப் பக்கமே வரவில்லை.

நாங்கள் திரும்பி வந்து உட்கார்ந்ததும் அவனைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நான் கட்டம் போட்ட சட்டை, மீசை என்று எழுதினேன். அவன் போட்டிருந்தது நீலச் சட்டை, கட்டம் கிடையாது. மீசையும் கிடையாது. சட்டையைக் கையால் பிடித்தவள் நான். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். அதற்கு அடுத்த வகுப்பில் மேடம் படம் காட்டுவதைப் பற்றிச் சொன்னார். சாட்சியிடம் ஒரே ஒரு ஆளின் படத்தைக் காட்டி 'இவன்தானே' என்று கேட்டுவிட்டால் அதற்கு அப்புறம் அந்தச் சாட்சியின் மனதில் இருப்பது பார்த்த முகமா, படத்து முகமா என்று யாராலும் பிரிக்க முடியாது, சாட்சியாலேயே முடியாது என்றார்.

அன்று சாயங்காலம் மொட்டை மாடியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு மறுபடி அந்தப் பைக்கை வரவழைத்தேன். அவன் இறங்கினான். சாக்கை உருவினான். திரும்பினான். அவன் நெற்றியில் நாமம் இருந்தது. வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். சம்பவத்தன்று நான் கொடுத்த வாக்குமூலத்தில் நாமம் என்று ஒரு வார்த்தை கிடையாது. சட்டை கறுப்பு மாதிரி என்று சொல்லியிருந்தேன். இப்போது என் மனசுக்குள் வெட்டிக்கொண்டிருந்தவன் திருவிழாப் படத்திலிருந்து இறங்கி வந்தவன். முந்தைய முகம் போன இடம் தெரியவில்லை.

வழக்கு பெரம்பலூர் கோர்ட்டில் விசாரணைக்கு வந்தபோது நான் இரண்டாம் வருஷம். அதற்கு ஒரு வாரம் முன்பு பைக்கில் இரண்டு பேர் வந்து அப்பாவிடம் மரியாதையாகப் பேசிவிட்டுப் போனார்கள். வயசுப் புள்ளைய எதுக்குங்க கோர்ட்டு வாசல்ல நிறுத்தறீங்க என்று மட்டும் கேட்டார்களாம். நான் வருகிறபோது அப்பா களைக்கொத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தார். நீ என்ன சொல்லுவியோ சொல்லு, ஆனா பயந்துக்கிட்டுச் சொல்லாத என்றார். எனக்குப் பயம் இல்லை. எனக்கு இருந்த வியாதி வேறே.

முதல் ஐந்து சாட்சிகளில் அக்காவைத் தவிர நாலு பேரும் மாறிவிட்டார்கள். டீக்கடைக்காரர் தனக்குக் கண் சரியாகத் தெரியாது என்றார். நான் ஆறாவது. காலையிலேயே அரசு வக்கீலைத் தனியாகப் பார்த்துப் படத்தைப் பற்றியும் நாமத்தைப் பற்றியும் சொன்னேன். அவர் கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. படித்ததையெல்லாம் பரீட்சையில் எழுதம்மா, இங்கே கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு என்றார். எனக்குச் சுருக்கென்றது. இருபது வருஷமாக வழக்கு நடத்துகிற மனுஷனுக்கு ஒரு மண்ணும் தெரியவில்லையே என்று நினைத்தேன். அதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது.

கூண்டில் ஏறி எல்லாவற்றையும் சொன்னேன். வெட்டினவரைக் காட்ட முடியுமா என்றபோது எதிரே நின்றவனைக் காட்டினேன். அக்கா கடைசி பெஞ்சில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எதிர்த் தரப்பு வக்கீல் எழுந்தார். அடையாள அணிவகுப்புக்கு முன்பு போலீஸ் போட்டோ காட்டினார்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் அதோடு உட்கார்ந்திருப்பார். அவருக்கு அதுவே போதும், அதை வைத்துக்கொண்டு கொஞ்சம் வாதாடியிருப்பார், என் சாட்சி ஒரு கீறலோடு நின்றிருக்கும்.

நான் நிறுத்தவில்லை. போட்டோ காட்டினால் சாட்சியின் ஞாபகம் என்ன ஆகும் என்று ஆரம்பித்தேன். ஞாபகம் என்பது கேமரா இல்லை என்றேன். நான் இதைத்தான் படிக்கிறேன் என்றேன். என் மனதில் இருக்கிற முகத்தின் நெற்றியில் நாமம் இருக்கிறது, அது போட்டோவிலிருந்து வந்தது, அதனால் நான் காட்டுகிற ஆள் சம்பவத்தில் பார்த்த ஆளா, போனில் பார்த்த ஆளா என்று அறிவியல்படி உறுதியாகச் சொல்ல முடியாது என்றேன். நீதிபதி ஐயா நிமிர்ந்து பார்த்தார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும்மா என்றார். இல்லைங்கய்யா, இது முக்கியம் என்று மேலும் இரண்டு நிமிஷம் பேசினேன். டைப் அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எதிர்த் தரப்பு வக்கீல் கை கட்டிக்கொண்டு நின்றார், அவருக்கு வாழ்நாளில் இப்படி ஒரு சாட்சி கிடைத்திருக்காது.

நேர்மையாகத்தான் சொன்னேன், ஒரு வார்த்தை பொய் இல்லை. ஆனால் கூண்டில் நிற்கும்போது எனக்குள் ஓடியது நேர்மை மட்டும் இல்லை. இந்தக் கூடத்தில் இருக்கிற அத்தனை கறுப்புக் கோட்டுக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்ற மிதப்பு. நீதிபதியைப் பார்த்தேன், வக்கீல்களைப் பார்த்தேன், கடைசி பெஞ்சைப் பார்க்க மறந்துவிட்டேன்.

வராந்தாவுக்கு வந்ததும் முதல் அடி காதில் விழுந்தது. செருப்பு. இரண்டாவது வாயில். அக்கா ஒரு கையால் என் பின்னலைப் பிடித்து இழுத்து, இன்னொரு கையால் அடித்துக்கொண்டே இருந்தார். பொம்பளைப் போலீஸ் இரண்டு பேர் வந்து பிரிப்பதற்குள் என் முன்பல் ஒன்று ஆடியது.

"படிச்சிட்டு வந்து எந்தாலிய ரெண்டாவது தடவ அறுத்தியேடி" என்றார்.

நான் திருப்பி அடிக்கவில்லை. யாராவது கை வைத்தால் திருப்பி அடிக்காமல் நான் நின்றது என் வாழ்க்கையில் அன்று ஒரு நாள்தான்.

நாலு மாதத்தில் தீர்ப்பு வந்தது. சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை. ஆறாவது சாட்சியே தன் அடையாளம் காட்டலை நம்பவில்லை என்று தீர்ப்பில் ஒரு பத்தி முழுக்க இருந்தது. அதை எடுத்துக்கொண்டு மேடத்திடம் போனேன், பாராட்டுவார் என்று அப்போதும் ஒரு மூலையில் நினைத்திருந்தேன். அவர் படித்துவிட்டுத் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "நீ அங்க சாட்சிம்மா, நிபுணர் இல்ல. பார்த்ததச் சொல்லணும். அத எடைபோட வேண்டியது கோர்ட்டு. நீயே எடைபோட்டு, நீயே தள்ளுபடி பண்ணிட்டு வந்திருக்க" என்றார். ஊரில் நான் விலைபோய்விட்டேன் என்று பேச்சு. பணம் வாங்கியிருந்தால்கூட இவ்வளவு வலிக்காது.

படிப்பு முடிகிற சமயம். ஒரு வாரம் ஊரில் இருந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். பெரம்பலூர்க்காரர்களுக்கு ரயில் வேண்டுமென்றால் அரியலூர் வரணும். மத்தியான வண்டிக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. சிமெண்ட் தூசி படிந்த பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தேன். பக்கத்தில் ஒருவர் வந்து, நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்தார். டீ சாப்புடுறீங்களா தங்கச்சி என்று கேட்டார்.

அவன். கொஞ்சம் உடம்பு வைத்திருந்தான். சவரம் செய்த முகம், இஸ்திரி போட்ட சட்டை. பெட்டியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். சுற்றிலும் பத்து இருபது பேர் இருந்தார்கள், பட்டப்பகல். அவன் என்னை மிரட்ட வரவில்லை. எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். கும்பிடணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன், இன்னிக்குத்தான் கண்ணுல பட்டீங்க என்றான். ஜாமீனில் இருந்தபோதே சின்னசேலத்தில் பெண் எடுத்திருக்கிறான், கைப்பிள்ளை ஒன்று இருக்கிறது, எல்லாம் சொன்னான். நீங்கதானா அன்னிக்கு என்று கேட்டேன். அதையெல்லாம் இப்போது ஏன் கேட்கிறீர்கள், ஜட்ஜய்யாவே இல்லை என்றுவிட்டார் என்று சிரித்தான். பிறகு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தான்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் தங்கச்சி. ரொம்ப நாளா மனசுல கெடக்கு. அவன் ஓடியாந்து ஒங்க கையப் புடிச்சான்ல? நீங்க ஒதறி வுட்டுட்டீங்க. ஏன் ஒதறுனீங்க?"

நான் புத்தகத்தை மூடினேன்.

"அவன அப்புடியே கடைக்குள்ள இழுத்துக்கிட்டுக் கதவச் சாத்தியிருந்தீங்கன்னா நான் என்னா பண்ணியிருக்க முடியும்? ரெண்டு வெட்டோட போயிருக்கும். ஆசுபத்திரிக்குப் போயிருப்பான். நீங்க ஒதறுனீங்க, அவன் என் கால்மாட்டுல வுழுந்தான். நம்ம ஆளுங்க யாருக்காச்சும் வேண்டப்பட்ட புள்ளையோன்னுகூட அப்ப நெனச்சேன்."

கேலி செய்யவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். பதில் வராததால் எழுந்து, கும்பிட்டு, போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டுப் படி ஏறிப் போய்விட்டான்.

முதலில் நான் படித்ததைப் பிடித்துக்கொண்டேன். வெளியிலிருந்து ஒருவர் அழுத்திச் சொன்னால் நடக்காத ஒன்றும் ஞாபகமாகிவிடும், அதற்குத் தேர்வில் பதினைந்து மார்க் கேள்விக்குப் பதில் எழுதியிருக்கிறேன். ஆனால் அன்று அந்தப் படியில் இருந்தது மூன்றே பேர். ஒருவர் செத்துவிட்டார். இன்னொருவனுக்கு இந்த விஷயத்தில் பொய் சொல்லக் காரணமே இல்லை. வண்டி வருகிற அறிவிப்பு கேட்டபோது என் மணிக்கட்டில் ஒரு பிடி வந்து உட்கார்ந்தது. ஈரமான பிடி. நழுவி, மறுபடி இறுக்கின பிடி.

எனக்கு ஏன் உதறினேன் என்று தெரியும். பதிமூன்று வயதிலிருந்து டவுன் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனவள் நான். கூட்டத்தில் ஓர் ஆம்பளைக் கை மேலே பட்டால் திரும்பிக்கூடப் பார்க்காமல் முழங்கையால் இடித்து உதறுவோம். எங்கள் பஸ்ஸில் எல்லாப் பெண்களுக்கும் அது வரும், அது இல்லாமல் படிப்பை முடித்திருக்க முடியாது. யோசிப்பதற்கு முன்னால் உடம்பு செய்துவிடும். அன்றைக்கும் செய்திருக்கிறது. உயிர் போகிற மனுஷன் எட்டிப் பிடித்த கையை, பஸ்ஸில் இடிக்கிறவன் கையைத் தட்டிவிடுகிற மாதிரித் தட்டிவிட்டிருக்கிறேன். அதற்கு அப்புறம் அதை மறந்தும் விட்டேன். நாமத்தையெல்லாம் கண்டுபிடித்த எனக்கு இது தெரியவில்லை.

வண்டி வந்து நின்று, என் பெட்டியோடு என்னை விட்டுவிட்டுக் கிளம்பிப் போனது. நான் வெளியே வந்து குன்னம் போகிற பஸ்ஸில் ஏறினேன்.

அக்கா வீட்டு வாசலில், வேப்ப மரத்து நிழலில், சின்ன வெங்காயம் குவிந்து கிடந்தது. அவர் நடுவில் உட்கார்ந்து அரிவாளைக் கால் விரலில் இடுக்கிக்கொண்டு வெங்காயத் தாள் அறுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். கை நிற்கவில்லை. யாரும் உள்ளே கூப்பிடவில்லை, நான் தரையில் உட்கார்ந்தேன். அவன்தான், அவனே என்னிடம் சொன்னான் என்றேன். அதுக்கு நீ வரணுமா, எனக்குத் தெரியாதா என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்திருக்கலாம். பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் அந்த யோசனை ஓடிக்கொண்டுதான் இருந்தது.

சொன்னேன். கை பிடித்தது, உதறியது, கடைக்குள் இழுத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று அவன் சொன்னது எல்லாம் சொன்னேன். ஒன்றையும் குறைக்கவில்லை. வெங்காயம் அறுக்கிற சத்தம் நின்றது.

அரிவாளைக் காலிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். எந்தக் கை என்று கேட்டார். வலது கையை நீட்டினேன். வெட்டினால் வெட்டட்டும் என்றுதான் அப்போது தோன்றியது. பயத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். அரிவாள் தரையில் படுகிற சத்தம் கேட்டது. பிறகு அவர் இரண்டு கையாலும் என் மணிக்கட்டைப் பிடித்து இறுக்கினார். நகம் உள்ளே இறங்கியது. விரல்கள் மரத்துப்போகிற வரைக்கும் பிடித்திருந்தார். ரத்தம் கசிந்து வெங்காயச் சாறு பட்டு எரிந்தது.

மேல் கோர்ட்டுக்குப் போகப் போகிறோம் என்றார். நான் வந்து சொல்ல வேண்டும் என்றார். வக்கீல் என்னை நம்ப மாட்டார், ஒரு தடவை உறுதியாகத் தெரியாது என்று சொன்ன சாட்சி நான் என்றேன். நம்புனா நம்பட்டும் இல்லாட்டிப் போவட்டும், இதையும் சேத்துச் சொல்லு, கைய ஒதறுனதையும் சொல்லு, எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு என்றார். சொல்றேன் என்றேன். அதற்கு அப்புறமும் அவர் கையை விடவில்லை. அவர் முகம் என்னைப் பார்க்கவில்லை, என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அவருக்கு எப்பவும் கை சில்லுன்னு இருக்கும்" என்றார். "வெயில்ல நின்னுட்டு வந்தாலும் சில்லுன்னுதான் இருக்கும். அன்னிக்கு எப்புடி இருந்துச்சு?"

எனக்குத் தெரியாது. அந்தப் பிடியே நிஜமா, அவன் வைத்துவிட்டுப் போனதா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டு வருஷப் படிப்பும் அந்த ஒரு கேள்விக்கு முன்னால் வந்து நின்றது.

"சில்லுன்னுதான் இருந்துச்சுக்கா" என்றேன். "நல்லா ஞாபகம் இருக்கு."

அவர் தலையை ஆட்டினார். கையை விட்டுவிட்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்.